பின் சக்கரத்தின் அய்பு



இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுபவை வணக்க வழிபாடுகளைப் பற்றியும் கொடுக்கல் வாங்கல் சட்டங்களைப் பற்றியும்தான். இம்முறை சைக்கிளின் பிரேக் கட்டையைப் பற்றி எழுதுகிறேன். உஸ்தாதுக்கு என்ன ஆயிற்று என்று சிலர் நினைக்கக்கூடும். அறுபது ரூபாய்க்கு நான் வாங்கிக் கொடுத்த இரண்டு கட்டைகளால் ஒரு சக்கரம் பாழானது; அந்தச் சக்கரத்தின் மேல் அமர்ந்து மலையிறங்கிய என் மருமகன் அல்லாஹ்வின் கருணையால் தப்பினான். பிறகு அந்தச் சக்கரத்தை விற்கும் பேச்சு எழுந்தபோது, பதினெட்டு ஆண்டுகளாக மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்துவரும் ஒரு பாடம் என் வீட்டு முற்றத்திலேயே வந்து நின்றது. அதனால் எழுதுகிறேன்.

மருமகன் என்றது என் அக்காவின் மகனை. சென்னையில் கணினி வேலை. வாரத்தில் ஐந்து நாள் நாற்காலியில் அமர்ந்திருப்பதற்கு ஈடாக ஆறாம் நாள் சைக்கிள் ஓட்டுகிறான். சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர். விடியுமுன் புறப்பட்டு மாலைக்குள் இங்கே வந்து சேரும் இளைஞர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். வந்தவர்களில் சிலர் மறுநாள் அதிகாலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புவார்கள். காலில் வலு மிச்சமிருப்பவர்கள் போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் வரை போய்வருவார்கள். என் மருமகன் இரண்டாவது வகை.

சென்ற ஆண்டு அவன் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினான். பழையதுதான், ஆனால் அதன் சக்கரங்கள் கார்பன் இழையால் ஆனவை. அத்தகைய சக்கரம் அவனுக்கு எட்டும் விலையில் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. உலக அளவில் சைக்கிள் பந்தயங்களை ஒழுங்குபடுத்தும் யு.சி.ஐ. என்ற அமைப்பு, சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை 2018 ஜூலையில் நிரந்தரமாக அனுமதித்தது. அதன் பின் விலையுயர்ந்த சாலை சைக்கிள்கள் மெல்ல மெல்ல டிஸ்க்குக்கு மாறிவிட்டன. வசதி உள்ளவர்கள் புதியதை வாங்கிக்கொண்டு, ரிம்மை இருபுறமும் கவ்வி நிறுத்தும் பழைய வகையைக் கைகழுவினார்கள். அப்படிக் கைகழுவப்பட்ட ஒன்று இவன் கைக்கு வந்தது. அந்த ரிம்மைச் செய்த நிறுவனத்தின் பெயர்கூட அதில் இல்லை. "கார்பன் வீல் மாமு, இந்த விலைக்கு எங்கேயும் கிடைக்காது" என்று அவன் மகிழ்ந்தபோது நானும் மகிழ்ந்தேன்; எனக்குக் கார்பன் என்றால் பென்சிலும் கரியும்தான்.

ஒரு வாரம் சைக்கிளை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் சென்னைக்குத் திரும்பினான். போகும்போது சொன்னான்: "அடுத்த வாரம் ஜவ்வாது ஏறலாம்னு இருக்கேன் மாமு. பின் பிரேக் கட்டை சுத்தமா தேஞ்சுபோச்சு. கார்பனுக்குன்னு தனிக் கட்டை இருக்கு. ஆர்டர் போட்டு வரவழைக்கணும்."

விலை கேட்டேன். நான்கு கட்டை கொண்ட ஒரு தொகுதி நாலாயிரம் ரூபாய் என்றான். எனக்குச் சுருக்கென்றது. உள்ளங்கையில் அடங்கும் நான்கு ரப்பர்த் துண்டுகளுக்கு நாலாயிரமா? வீண் விரயத்தைப் பற்றி அவனுக்குக் கால் மணி நேரம் பயான் செய்தேன். கேட்டுவிட்டு, "நீங்க சொன்னா சரி மாமு" என்று பேருந்து ஏறினான்.

மறுநாள் அஸருக்குப் பின் எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் அறுபதைக் கடந்த பெரியவர். என் அத்தாவின் ஹெர்குலிஸ் சைக்கிளுக்குக் கோட்டம் எடுத்துக் கொடுத்தவர். அவர் ரிம்மை விரலால் தட்டிப் பார்த்தார். மரத்தைத் தட்டியதுபோல் ஓசை வந்தது. "பாய், இது அலுமினிய ரிம்முக்குப் போடற கட்டை. இந்தக் கறுப்பு ரிம்முக்கு ஆகுமான்னு எனக்குத் தெரியாது" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அவருடைய நேர்மை அன்று எனக்கு உறைக்கவில்லை. "கட்டை கட்டைதானே, போடுங்கள்" என்றேன். முன் கட்டைகளில் பழைய உரிமையாளர் பொருத்தியிருந்த கார்பன் கட்டைகளே கொஞ்சம் மிச்சமிருந்தன, அவற்றைத் தொடவில்லை. பின்பக்கம் மட்டும் மாற்றினார். அறுபது ரூபாய். பெரிய சேமிப்பைச் செய்துவிட்ட நிறைவோடு மக்ரிபுக்குப் போனேன்.

என் பங்கு அத்தோடு நிற்கவில்லை. அவனுக்கு ஏழு வயதாக இருந்தபோது எங்கள் ஈத்கா மைதானத்தில் சைக்கிள் பழக்கிவிட்டவனும் நான்தான். அப்போது நான் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வாக்கியம்: "முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவாய்." எனக்கு என் அத்தா சொன்னது அது. தமிழ்நாட்டில் சைக்கிள் பழகிய எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அவனும் அதை மறக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து ஜவ்வாது மலையின் வளைவுகளில் இறங்கும்போதும் முன் பிரேக்கைத் தொடாமல், பின் பிரேக்கை மட்டும் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான்.

பாதி இறக்கத்தில் ரப்பர் கருகும் வாசனை வந்ததாம். ஏதோ லாரியின் வாசனை என்று எண்ணியிருக்கிறான். அடுத்த வளைவில் பிரேக் பிடி கைக்குள் விட்டு விட்டுத் துடித்தது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒரு இடிப்பு. அதற்கடுத்த வளைவில் பிடி கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போயும் வேகம் குறையவில்லை. வேறு வழியின்றி முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, ஓரத்து மண்ணில் காலை ஊன்றி நின்றிருக்கிறான். ரிம்மைத் தொட்டுப் பார்த்தவனுக்கு விரல் நுனி கொப்புளித்துவிட்டது. பலாப்பழம் ஏற்றிவந்த வேன் ஒன்று அவனையும் சைக்கிளையும் போளூரில் இறக்கிவிட்டது. நான் லுஹர் முடிந்து மத்ரஸாவில் உணவுக்கு அமர்ந்த நேரத்தில் தொலைபேசி வந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாலையில் அதே கடைக்குப் போனோம். பெரியவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ஓரிடம் வந்தபோதெல்லாம் ரிம் கட்டையில் உரசியது. சக்கரத்தை நிறுத்தி, அந்த இடத்தை இரண்டு விரல்களுக்கிடையே வைத்து வெகுநேரம் தடவினார். பிறகு சொன்னார்: "கோட்டம் இல்ல பாய். கோட்டம்னா கம்பியை முறுக்கி எடுத்துடலாம். இது வீக்கம்."

ரிம்மின் பக்கவாட்டில் உருகிய ரப்பர் தார்போல் அப்பிக் காய்ந்திருந்தது. கட்டைகளைக் கழற்றிப் பார்த்தால் அவற்றின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. பிடிக்கும் தன்மை முழுவதும் போய்விட்டிருந்தது.

அதன் பின் பல இரவுகள் இஷாவுக்குப் பிறகு அமர்ந்து இதைப் படித்தேன். என் அறியாமையின் அளவு அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பிரேக் என்பது வேகத்தை அழிப்பதில்லை, வெப்பமாக மாற்றுகிறது. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் 400 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருவதற்குள் வெளிப்படும் ஆற்றல் மூன்று லட்சம் ஜூலுக்கும் சற்று அதிகம். சாதாரண வெப்பத்தில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய அவ்வளவுதான் வேண்டும். அதில் ஒரு பகுதியைக் காற்றின் எதிர்ப்பு எடுத்துக்கொள்ளும். மெதுவாக இறங்கினால் காற்று எடுத்துக்கொள்வது குறைவு. மிச்சமெல்லாம் பிரேக்கின் தலையில். அதாவது பயந்து பயந்து, பிரேக்கை விடாமல் பிடித்து மெதுவாக இறங்குபவரின் ரிம்தான் அதிகம் சூடாகிறது. என் மருமகன் செய்தது அதுதான், அதுவும் ஒரே சக்கரத்தில்.

அலுமினிய ரிம் இந்த வெப்பத்தைத் தன் உடல் முழுவதும் பரப்பிக் காற்றுக்குக் கொடுத்துவிடும். கார்பன் ரிம் அப்படியல்ல. அது கார்பன் இழைத் துணியை அடுக்கடுக்காக வைத்துப் பிசினால் ஒட்டி இறுக்கியது. இழை வெப்பத்துக்கு அஞ்சாது, பிசின் அஞ்சும். வெப்பம் பரவ வழியின்றிக் கட்டை உரசும் அந்த மெல்லிய வளையத்திலேயே தேங்கி நிற்கிறது. ஓர் அளவைத் தாண்டினால் பிசின் இளகுகிறது. உள்ளே ட்யூபின் காற்று டயரை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டேயிருக்கிறது. அவனுடைய டயரில் 90 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருந்தது. இளகிய இடத்தில் ரிம்மின் விளிம்பு வெளியே பிதுங்கி, அடுக்குகள் பிரிகின்றன. பெரியவர் விரலால் கண்டுபிடித்த வீக்கம் அதுவே. இன்னும் இரண்டு வளைவு தாண்டியிருந்தால் விளிம்பு பிளந்து டயர் வெடித்திருக்கும் என்று எண்ணும்போது இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

கார்பனுக்கென்று தனிக் கட்டை இருப்பதன் காரணம் இங்கே விளங்கும். அலுமினியத்துக்கான ரப்பர்க் கலவை கார்பனின் மேல் விரைவில் சூடேறி, உருகி, ரிம்மில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது மேலும் உரசிச் சூட்டைக் கூட்டுகிறது. கார்பன் கட்டையின் கலவையோ குறைந்த வெப்பத்தை உண்டாக்கும்படியும், சூட்டில் உருகாமல் பிடிக்கும்படியும் ஆக்கப்பட்டது. தொடக்க காலத்தில் தக்கையைக் கலந்து செய்தார்கள். இன்றும் தக்கைக் கட்டைகள் கிடைக்கின்றன. அவை ரிம்முக்கு மென்மையானவை, ஆனால் விரைவில் தேய்ந்துபோகும். பின்னால் வந்த செயற்கைக் கலவைகள் மலையிறக்கத்தை அவற்றைவிட நன்றாகத் தாங்குகின்றன.

நான் ரப்பர் என்று ஏளனம் செய்த பொருள் இதுதான்.

அக்காவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் மகனைத் திட்டினாள், என்னைத் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது. பின் சக்கரத்துக்கு ஈடு தருகிறேன் என்றபோது மருமகன் வாங்க மறுத்தான். கடைசியில், சரியான கட்டைகளை நான் வாங்கித் தருவது என்று பேசி முடித்தோம். மிச்சப்படுத்திய நாலாயிரத்தை அப்படியே செலவழித்தேன்.

தேர்ந்தெடுப்பதும் எளிதாக இல்லை. முதல் விதி, ரிம்மைச் செய்தவர் எந்தக் கட்டையைச் சொல்கிறாரோ அதையே போடவேண்டும் என்பது. ஸிப், என்வி, ரெனால்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் கார்பன் ரிம்களுக்குத் தாங்களே கட்டைகளைக் குறிப்பிட்டுக் கொடுத்தன. வேறு கட்டை போட்டால் உத்தரவாதம் இல்லை என்றும் சொல்லிவிடுவார்கள். ரிம்மின் பிசினும் மேற்பரப்பும் எப்படிப்பட்டவை என்பது செய்தவருக்குத்தானே தெரியும். எங்கள் ரிம்முக்கோ தகப்பன் பெயரே இல்லை. அப்படியானால் மிஞ்சும் வழி, கார்பனுக்கென்றே கட்டை செய்வதில் பெயர் பெற்ற ஒருவருடையதை வாங்குவது. சுவிஸ்ஸ்டாப் நிறுவனத்தின் மஞ்சள் கட்டையும் அதற்குப் பின் வந்த கறுப்புக் கட்டையும் பலரும் நம்பிப் பயன்படுத்துபவை. கறுப்பைத் தேர்ந்தோம். "அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் பொது" என்று எழுதிய மலிவான கட்டைகளையும் இணையத்தில் பார்த்தேன். ஒருமுறை சூடுபட்டவன், தொடவில்லை.

பொதுக் கட்டை என்றே இருந்தாலும், அலுமினிய ரிம்மில் ஒருநாள் ஓடிய கட்டையைக் கார்பனுக்கு மாற்றவே கூடாது. அலுமினியம் தேயும்போது அதன் துகள்கள் கட்டையில் பதிந்துகொள்கின்றன. வெயிலில் திருப்பிப் பார்த்தால் மின்னும். பழைய கடைக்காரர்கள் அதை ஊசியால் கிளறி எடுப்பார்கள். கண்ணுக்குத் தப்பிய ஒரே துகள் போதும், கார்பன் ரிம்மில் வட்டமாகக் கோடு கிழிக்க.

பொருத்துவதிலும் கவனிக்க நிறைய இருக்கிறது. ஷிமானோ வடிவத் தாங்கியும் கம்பாக்னோலோ வடிவத் தாங்கியும் வேறு வேறு. ஒன்றின் கட்டை மற்றதில் நுழையாது. கட்டையைத் தாங்கிக்குள் தள்ளிச் சிறு திருகால் இறுக்குகிறோம். அந்தத் தாங்கியின் மூடிய முனை முன்னோக்கி இருக்கவேண்டும். சக்கரம் கட்டையை முன்புறமாகத்தான் இழுக்கும். திறந்த முனை முன்னால் இருந்தால், திருகு தளர்ந்த ஒருநாள் கட்டை வழுக்கி வெளியே விழுந்துவிடும். இதைப் படித்துச் சொன்னபோது பெரியவர் சிரித்தார். "முப்பது வருசமா அப்படித்தான் மாட்டறேன் பாய். நீங்க இப்பத்தான் படிச்சீங்க" என்றார். ஆனால் கட்டையின் பின்முனையில் விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகி, முன்முனை சற்று முந்தித் தொடும்படி வைத்தால் கிறீச்சிடாது என்பதை அவர் என்னிடமிருந்து கற்றுக்கொண்டார். கட்டை மேலேறி டயரைத் தொட்டால் டயரை அறுக்கும். கீழிறங்கினால் ரிம்மில் பாதியைத்தான் பிடிக்கும். பழைய ரப்பர்க் கறையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து எடுத்த பிறகே புதிய கட்டையைப் போடவேண்டும்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. என் அத்தாவின் ஹெர்குலிஸ், அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் செய்தது. அதில் கேபிள் இல்லை. இரும்புக் கம்பிகள் கட்டைகளை மேலே இழுத்து ரிம்மின் உட்புறத்தில் அழுத்தும். மழை நாளில் அந்த எஃகு ரிம்மில் பிரேக் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. அத்தா செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கும் கார்பன் ரிம்மிலும் மழை நாளில் ஏறக்குறைய அதே கதைதான். கட்டை முதலில் நீரைத் துடைக்கிறது, பிறகுதான் பிடிக்கத் தொடங்குகிறது. எனவே மலையில் மழை வந்தால் இறங்கி நில் என்று மருமகனிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

இதற்கிடையேதான் அந்த விற்பனைப் பேச்சு வந்தது.

போளூர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவன் ஒருவன், கார்பன் சக்கரம் கிடைத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று நண்பர்கள் வழியாகச் சொல்லியனுப்பியிருந்தான். இரண்டு சக்கரத்தையும் சேர்த்து விற்றுவிட்டால் போட்ட பணத்தில் பாதியாவது திரும்பும் என்பது மருமகனின் கணக்கு. "வீக்கம் லேசாத்தான் மாமு இருக்கு. சமதரையில ஓட்டினா ஒண்ணும் ஆகாது. 'உள்ளது உள்ளபடி'ன்னு எழுதிடறேன். பார்த்துத்தானே வாங்கப்போறான்?" என்றான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த வாரம் மத்ரஸாவில் குதூரீ நூலின் வியாபாரப் பகுதியில் 'கியாருல் அய்ப்' பாடம் நடந்துகொண்டிருந்தது. வாங்கிய பொருளில் முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால், முழு விலைக்கு வைத்துக்கொள்ளவோ திருப்பிக் கொடுக்கவோ வாங்கியவருக்கு உள்ள உரிமை அது. அதே பாடத்தில் இன்னொரு சட்டமும் வருகிறது. எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல என்று விற்பவர் நிபந்தனையிட்டு, வாங்குபவர் ஏற்றுக்கொண்டால், குறைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடாவிட்டாலும் ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். பிறகு குறையைக் காட்டித் திருப்பிக் கொடுக்க முடியாது. மருமகன் சொன்ன 'உள்ளது உள்ளபடி' இதுதான். அவன் குதூரீ படித்தவனல்லன். ஆனாலும் சரியான இடத்தில்தான் கையை வைத்திருந்தான்.

வகுப்பில் இதை நடத்தியபோது கடைசி வரிசை மாணவன் ஒருவன் கேட்டான்: "உஸ்தாத், அப்படின்னா தெரிஞ்ச குறையைச் சொல்லாம இந்த நிபந்தனையைப் போட்டு வித்துடலாமா?" நான் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னேன்: ஒப்பந்தம் செல்லுபடியாவது வேறு, அறிந்தே மறைத்த பாவம் வேறு; காஜியின் முன் தப்பிக்கலாம், அல்லாஹ்வின் முன் முடியாது. மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்ட நிகழ்ச்சியையும் சொன்னேன். ஆண்டுதோறும் சொல்வதுதான். இந்த ஆண்டு சொல்லும்போது பெரியவரின் இரண்டு விரல்கள் ரிம்மைத் தடவிய காட்சி கண்ணில் நின்றது. ஈரமான தானியம் வாங்கியவனுக்குப் பண நட்டம். வீங்கிய ரிம்மை வாங்கியவன் ஒருநாள் மலையேறுவான். அவனும் இருபது வயதுப் பிள்ளை.

அன்றிரவு மருமகனிடம், நான் சட்டம் எதுவும் பேசவில்லை. "விற்பதானால் நானும் வருகிறேன். அந்தப் பையனின் விரலைப் பிடித்து வீக்கத்தின் மேல் வைத்துக் காட்டுவேன். அதன் பிறகும் அவன் கேட்டால் விற்றுக்கொள்" என்றேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. "காட்டினா எவன் மாமு வாங்குவான்?" என்றான். "அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்றேன். கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். பத்தாயிரத்துக்கு மேல் போகிறதே, கோபம் வராதா? சுப்ஹுக்கு எழுந்து வந்தபோது, வேண்டாம் என்று அந்த மாணவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டதாகச் சொன்னான்.

சும்மா போட்டுவைத்தால் பழைய இரும்புக்காரர் வழியாக வேறெவரிடமாவது போய்ச் சேரும் என்று, ரிம்மை அறுத்துவிடுவது என முடிவாயிற்று. அச்சும் கம்பிகளும் நன்றாக இருந்தன. அவற்றைப் பெரியவர் கழற்றி எடுத்துக்கொண்டார். கார்பன் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது என்பதால் மூக்கில் துணி கட்டி, ஈரச் சாக்கைச் சுற்றி, ஆக்ஸா பிளேடால் அறுத்தோம். வீக்கம் இருந்த இடத்தைக் குறுக்கே வெட்டியபோது உள்ளே அடுக்குகள் நீரில் ஊறிய அட்டைபோல் விலகி நின்றன. வெளியில் தெரிந்தது ஒரு நூல் தடிமன் மேடுதான். உள்ளே பிரிந்திருந்தது சுட்டுவிரல் நீளம். அந்தத் துண்டு இப்போது மத்ரஸாவில் என் மேசையின் மேல் இருக்கிறது. அய்புப் பாடம் நடத்தும் நாளில் மாணவர்கள் அதைக் கைமாற்றிப் பார்க்கிறார்கள்.

பின்னால் இப்போது ஒரு சாதாரண அலுமினியச் சக்கரம். முன்னால் அதே கார்பன். அது தன்னுடைய சரியான கட்டையோடே ஓடியதால் கெடவில்லை. பெரியவரும் நானும் விரலளவு விரலளவாகத் தடவிப் பார்த்த பிறகுதான் மாட்டவிட்டேன். ஆக முன்னால் கார்பன் கட்டை, பின்னால் அறுபது ரூபாய்க் கட்டை. நண்பர்கள் கேலி செய்கிறார்களாம். செய்யட்டும். ஒன்றை எடுத்து மற்றதில் மாட்டிவிடாதபடி, முன் கட்டைகளின் தாங்கியில் சிவப்பு நூலும் பின் கட்டைகளில் வெள்ளை நூலும் சுற்றி வைத்திருக்கிறேன். தொகுதியில் மிஞ்சிய இரண்டு புதிய கட்டைகள் என் அலமாரியில் கிதாபுகளுக்குப் பின்னால் இருக்கின்றன.

புதிய கட்டையைப் பழக்கவேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஈத்கா மைதானத்துக்குப் போனோம். ஓட்டுவதும் நிறுத்துவதுமாக இருபது முப்பது முறை. நிறுத்தும்போது உடலின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது; பின் சக்கரம் இலேசாகிறது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. திடீரென்று இறுக்காமல், உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, படிப்படியாக அழுத்தினால் குப்புற விழவேண்டியதில்லை. வளைவுக்கு முன்பே இரண்டையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, உடனே விட்டுவிடவேண்டும். விடும் நேரத்தில்தான் ரிம் ஆறுகிறது. இருபது ஆண்டுக்கு முன் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். "அப்ப நான் விழுந்திருப்பேன் மாமு, அந்த வயசுக்கு அது சரிதான்" என்றான். என் மனத்தை ஆற்றச் சொன்னதாக இருக்கலாம்.

சென்ற மாதம் மீண்டும் ஜவ்வாது போனான். அக்கா என்னிடம்தான் கேட்டாள், போகவிடலாமா என்று. ஒட்டகத்தைக் கட்டியாயிற்று, போகட்டும் என்றேன். சொன்னேனே தவிர, அன்று காலைப் பாடத்தில் இரண்டு முறை வரி தவறினேன். பத்து மணி தாண்டித் தொலைபேசி ஒலித்தது. மலையடிவாரத்திலிருந்து பேசினான்.

"இறங்கிட்டேன் மாமு."

"முன் ரிம்மைத் தொட்டுப் பார்த்தாயா?"

"பார்த்தேன். சூடு இருக்கு, கை வைக்க முடியுது. வாசனை இல்ல."